நில அங்கீகார உரையை ஒரு வருடம் நிறுத்துங்கள்: கனடாத் தமிழ் அமைப்புகளுக்கு ஒரு திறந்த மடல்

கனடாவில் இயங்கும் தமிழ்ச் சங்கங்கள், ஊர்ச் சங்கங்கள், பழைய மாணவர் சங்கங்கள், வார இறுதித் தமிழ்ப் பள்ளிகள் ஆகியவற்றின் நிர்வாகசபையினருக்கு,

வணக்கம்.

உங்களில் பலரை எனக்கு நேரில் தெரியும். வேலை முடிந்த களைப்போடு வந்து மண்டபத்தில் கதிரை அடுக்குகிறவர்கள், முற்பணத்தைத் தங்கள் கடனட்டையிலேயே கட்டிவிட்டுப் பிறகு சங்கக் கணக்கில் வரும்வரை காத்திருக்கிறவர்கள். அதனால் இதைக் குறைகூறும் கடிதமாக வாசிக்க வேண்டாம். கேட்பதற்கு ஒன்று இருக்கிறது, அதை முதலிலேயே கேட்டுவிடுகிறேன். உங்கள் நிகழ்ச்சிகளின் தொடக்கத்தில், நாம் நிற்கும் நிலம் எந்தப் பூர்வகுடி மக்களுடையது என்று ஒப்புக்கொண்டு வாசிக்கப்படும் நில அங்கீகார உரையை ஒரு வருடத்துக்கு நிறுத்திவையுங்கள். அந்த வருடத்துக்குள் ஒரு பூர்வகுடி ஆசிரியரை உரிய ஊதியம் கொடுத்து அழையுங்கள். நிர்வாகசபையும் தமிழ் ஆசிரியர்களும் அரைநாள் அவர் சொல்வதைக் கேளுங்கள். அதற்குப் பிறகு அந்த உரையை நீங்களே தமிழில் எழுதி வாசியுங்கள்.

இப்போது நடப்பது என்னவென்று எல்லோருக்கும் தெரியும். மங்கல விளக்கு, கனடா தேசிய கீதம், தமிழ்த்தாய் வாழ்த்து, அகவணக்கம். இவற்றுக்கு முன்னாலோ நடுவிலோ, ஒரு இளைஞரிடம் கைத்தொலைபேசியைக் கொடுத்து மாநகரசபையின் இணையத்திலிருந்து எடுத்த ஆங்கிலப் பந்தி ஒன்றை வாசிக்கச் சொல்கிறோம். அனிஷினாபே, ஹோடெனோஷோனி, வென்டாட் என்ற பூர்வகுடி மக்களின் பெயர்கள் வரும் இடத்தில் பிள்ளை தடுமாறும். சபையில் யாரும் கவனிக்க மாட்டார்கள், ஏனென்றால் அந்த நேரத்தில் பின்வரிசையில் இன்னும் இடம் பிடித்துக்கொண்டிருப்பார்கள். பிள்ளையில் பிழை இல்லை. வாசிக்கச் சொன்ன நமக்கே அந்தப் பெயர்களுக்குப் பின்னால் யார் இருக்கிறார்கள் என்று தெரியாது.

ஏன் தெரியாது என்பதற்கு ஒரு நேரான காரணம் உண்டு. ரொறன்ரோ கல்விச்சபை 2023 பெப்ரவரியில், பதினோராம் வகுப்பின் கட்டாய ஆங்கிலப் பாடத்தைப் பூர்வகுடி எழுத்தாளர்களை வாசிக்கும் பாடமாக மாற்ற வாக்களித்தது. ஆகவே ஸ்காபரோவில் படிக்கும் நம் பிள்ளைகளுக்கு இது பள்ளிக்கூடத்தில் கிடைக்கிறது. புதிதாகக் குடியுரிமை எடுப்பவர்களுக்கு, 2021 ஜூனில் மாற்றப்பட்ட உறுதிமொழியில், பூர்வகுடிகளின் உரிமைகளையும் உடன்படிக்கை உரிமைகளையும் அரசியலமைப்பு ஏற்று உறுதிசெய்கிறது என்ற வரி வருகிறது. நமக்கு? எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் வந்து அரசியாருக்கு விசுவாசமாக இருப்போம், சட்டங்களை மதிப்போம் என்று மட்டும் சத்தியம் செய்த தலைமுறைக்கு இந்த நாடு எதையும் சொல்லித் தரவில்லை. வந்த புதிதில் இரண்டு வேலை, அனுசரணை வழக்கு, ஊருக்குக் காசு அனுப்புவது என்று ஓடினோம். இன்றைக்கு அமைப்புகளை நடத்துவது பெரும்பாலும் அந்தத் தலைமுறைதான். பிள்ளைக்குத் தெரிந்தது தலைவருக்குத் தெரியாத நிலை.

பூர்வகுடிப் பிள்ளைகளைக் கொண்டுபோய் வைத்த வதிவிடப் பாடசாலைகளைப் பற்றி விசாரித்த உண்மை மற்றும் நல்லிணக்க ஆணைக்குழு 2015இல் வெளியிட்ட 94 பரிந்துரைகளில் கடைசி இரண்டும் குடிவரவாளர்களைப் பற்றியவை என்பது நம்மவர்களுக்கு அவ்வளவாகத் தெரியாது. 93ஆவது, புதிதாக வருவோருக்குக் கொடுக்கும் தகவல்களிலும் குடியுரிமைப் பரீட்சையிலும் உடன்படிக்கைகளும் வதிவிடப் பாடசாலைகளும் இடம்பெற வேண்டும் என்கிறது. 94ஆவதுதான் உறுதிமொழியை மாற்றச் சொன்னது. 57ஆவது அரச ஊழியர்களுக்கும் 92ஆவது நிறுவனங்களுக்கும் பண்பாடுகளுக்கிடையிலான புரிதலில் பயிற்சி கொடுக்கச் சொல்கிறது. நம் சங்கங்கள் இந்த எதிலும் அடங்காது. யாரும் கட்டாயப்படுத்தவில்லை, கட்டாயப்படுத்தப் போவதும் இல்லை. அதனால்தான் உங்களிடம் கேட்க வேண்டியிருக்கிறது.

அந்த ஆணைக்குழுவுக்குத் தலைமை தாங்கிய மர்ரே சின்கிளேர் அனிஷினாபே நீதிபதி, 2024 நவம்பரில் காலமானார். இந்தச் சிக்கலுக்குள் நம்மைக் கொண்டுவந்து விட்டது கல்விதான், வெளியே வர வழியும் கல்விதான் என்பதை அவர் பல மேடைகளில் சொன்னார். சுமார் 1,50,000 பூர்வகுடிப் பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்து, தாய்மொழி பேசினால் அடித்து வளர்த்த இடங்களுக்குப் பாடசாலை என்றுதான் பெயர்.

பூர்வகுடி ஆசிரியர் என்றதும் உங்களுக்கு யார் நினைவுக்கு வருகிறார்கள் என்று தெரியாது. எனக்கு ஆவணப்பட இயக்குநர் அலனிஸ் ஒபொம்சாவின். கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அபெனாக்கி இனத்தைச் சேர்ந்த அவர் பிறந்தது 1932இல். கியூபெக்கில் ஒடானாக் என்ற பூர்வகுடி ஒதுக்கிடத்தில் சின்ன வயதைக் கழித்தார். அம்மாவின் உறவினரான தெயோஃபில் பனாடிஸ் என்ற பெரியவர் பழைய கதைகளையும் பாட்டுகளையும் அவருக்குச் சொல்லிக்கொடுத்தார். பிறகு குடும்பம் துருவா ரிவியேர் நகரத்துக்குப் போனது. அங்கே வேறு பூர்வகுடிக் குடும்பம் இல்லை. வகுப்பில் வரலாற்றுப் பாடம் நடக்கும். பாடப் புத்தகத்தில் அவருடைய மக்கள் காட்டுமிராண்டிகள். பாடம் முடிந்து வெளியே வந்தால் மற்றப் பிள்ளைகள் அவரை அடிப்பார்கள். இதை அவர் பல பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். அந்தப் பிள்ளைகளை அவர் பெரிதாகக் குற்றம் சொல்வதில்லை. அவர்களுக்கு வெறுப்பைக் கற்றுக்கொடுத்தது பாடம் என்பதுதான் அவர் கட்சி. நம்மில் எழுபதுகளில் இலங்கை அரசின் வரலாற்றுப் புத்தகம் படித்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

வளர்ந்ததும் அவர் பாடகியானார். மேடையோடு நிற்காமல் பாடசாலைகளுக்கும் சிறைச்சாலைகளுக்கும் போய்ப் பிள்ளைகளுக்கும் கைதிகளுக்கும் கதை சொன்னார். அறுபதுகளில் ஒடானாக் பிள்ளைகள் குளித்து விளையாடிய ஆறு மாசுபட்டுப் போனது. பக்கத்து ஊர் நீச்சல் குளத்தில் பூர்வகுடிப் பிள்ளைகளுக்கு இடமில்லை. ஒபொம்சாவின் கச்சேரி வைத்துக் காசு சேர்த்து ஒதுக்கிடத்துக்குள்ளேயே ஒரு குளம் கட்டவைத்தார். அதைப் பற்றிய தொலைக்காட்சி நிகழ்ச்சியைப் பார்த்துத்தான் 1967இல் கனடிய தேசியத் திரைப்படச் சபை அவரை ஆலோசகராக அழைத்தது. சபையில் அவர் ஆரம்பத்தில் செய்த வேலைகளில் ஒன்று, பூர்வகுடிச் சமூகங்களின் குரலிலேயே வகுப்பறைகளுக்கான பாடத் தொகுப்புகளைத் தயாரித்தது. கமரா அதற்குப் பக்கத்தில் வந்து சேர்ந்ததுதான்.

1971இல் வந்த அவருடைய முதல் படம் வெறும் 13 நிமிடம். ஜேம்ஸ் குடா அருகே மூஸ் ஃபக்டரியில் இருந்த வதிவிடப் பாடசாலையின் கிறீ இனப் பிள்ளைகள் நத்தார் காலத்தைப் பற்றி வரைந்த படங்களும் அவர்கள் சொன்ன கதைகளும் மட்டும்தான் அதில். பெரியவர் குரல் இல்லை, விளக்கவுரை இல்லை. பிள்ளைகள் வரைந்த படத்தைக் கமரா மெதுவாகத் தடவிப் போகும். நமது வார இறுதித் தமிழ் வகுப்பில் ஆறாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அதைப் போட்டுக் காட்டலாம். பார்த்து முடிந்ததும் தமிழில் பேசவைக்கலாம், வரையவைக்கலாம். மாம்பழம், பொங்கல் பானை, எங்கள் வீடு என்று வருடா வருடம் அதையே எழுதவைத்து நாமும் அலுத்துவிட்டோம், பிள்ளைகளும் அலுத்துவிட்டார்கள்.

அவருடைய வேலை முறையில் ஒரு விஷயத்தை நீங்கள் கவனிக்க வேண்டும். யாரிடமும் கமராவோடு முதலில் போகமாட்டார். ஒலிப்பதிவுக் கருவியோடு தனியாகப் போய் உட்கார்ந்து, அவர்கள் எவ்வளவு நேரம் சொன்னாலும் கேட்பார். படக்குழு பிறகுதான் வரும். ஒரு சமூகத்தை இன்னொரு சமூகம் அறிய வேண்டுமென்றால் வரிசை இப்படித்தான் இருக்க வேண்டும். நாமோ முதலில் படப்பிடிப்பாளரைப் பிடித்து, பிறகு மேடை அலங்காரத்தை முடிவுசெய்து, கடைசியில் பிரதம விருந்தினரைத் தேடுகிறவர்கள்.

1981 ஜூனில் கியூபெக் பொலிஸ் ரெஸ்டிகூஷ் ஒதுக்கிடத்துக்குள் இரண்டு தடவை புகுந்து, சால்மன் மீன் பிடித்ததற்காக மிக்மக் மக்களை அடித்துக் கைது செய்து வலைகளைப் பறித்தது. அதைப் பற்றிப் படம் எடுக்கப் போன ஒபொம்சாவினிடம், பூர்வகுடிகளை மட்டும் பேட்டி எடுங்கள், வெள்ளைக்காரர்களை வேண்டாம் என்று மேலிடத்தில் சொன்னார்கள். அவர் கேட்கவில்லை. சோதனைக்கு உத்தரவிட்ட மாகாண அமைச்சரையே கமரா முன் உட்காரவைத்து, கியூபெக்குக்கு இறைமை கேட்கும் உங்களால் மிக்மக் மக்களைப் பார்த்து உங்களுக்கு இறைமை கிடையாது என்று எப்படிச் சொல்ல முடிந்தது என்று முகத்துக்கு நேரே கேட்டார். 1984இல் வந்த அந்தப் படத்தில் அந்தக் கட்டத்தை நம் அரசியல் ஆர்வலர்கள் எல்லோரும் ஒருமுறை பார்க்க வேண்டும். தனக்கு உரிமை கேட்கிறவர் பக்கத்து வீட்டுக்காரனின் உரிமையைக் காணாமல் இருப்பது எவ்வளவு சுலபம் என்று அதில் தெரியும். அதை நான் நமக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

அப்புறம் 1990. மொன்றியலுக்குப் பக்கத்தில் ஓக்கா ஊரில் ஒரு கோல்ஃப் மைதானத்தைப் பெரிதாக்க, கனெசட்டாகே மோஹோக் மக்களின் பைன் காட்டையும் இடுகாட்டையும் எடுக்க முயன்றார்கள். மக்கள் வழியை மறித்தார்கள். ஜூலை 11 அன்று பொலிஸ் தாக்கியது, ஒரு பொலிஸ்காரர் இறந்தார், பிறகு இராணுவம் வந்தது. 78 நாள் முற்றுகை. ஒபொம்சாவின் முட்கம்பிக்கு உள்ளே இருந்து படம் எடுத்தார். 1993இல் வந்த அந்தப் படத்துக்கு ரொறன்ரோ திரைப்பட விழாவில் சிறந்த கனடியப் படத்துக்கான விருது கிடைத்தது. தொலைக்காட்சிச் செய்தியில் முகமூடி அணிந்த ஆயுததாரிகளாக மட்டும் தெரிந்தவர்கள், அந்தப் படத்தில் நிலப் பத்திரங்களோடு 270 வருடம் மல்லுக்கட்டிய மக்களாகத் தெரிந்தார்கள்.

அந்தக் கோடையில் மொன்றியலில் இருந்த நம்மவர்களிடம் கேட்டுப் பாருங்கள். மோஹோக் மக்கள் மெர்சியே பாலத்தை மறித்ததால் வேலைக்குச் சுற்றிப் போன கதையைச் சொல்வார்கள். அதில் ஆச்சரியம் இல்லை. 1990 ஜூனில் இரண்டாம் ஈழப்போர் தொடங்கியிருந்தது, எல்லோருடைய காதும் ஊர்ச் செய்தியில் இருந்தது. ஆனால் முப்பத்தைந்து வருடம் கழித்தும் பாலம் மட்டும்தான் நினைவில் இருக்கிறது என்றால் இடையில் யாராவது நமக்குச் சொல்லித் தந்திருக்க வேண்டும்.

ஓக்காவுக்குப் பிறகு அரசாங்கம் 1991இல் பூர்வகுடி மக்கள் பற்றிய ஒரு விசாரணை ஆணைக்குழுவை அமைத்தது. 1996இல் அதன் அறிக்கை வந்தது. பெரிய பெரிய தொகுதிகள், சாதாரண ஆட்கள் வாசிக்க முடியாது. அதை மக்களுக்கு எப்படிக் கொண்டுபோவது என்று யோசித்து, பூர்வகுடிப் பெரியவர்களும் ஆசிரியர்களும் சேர்ந்து 1997இல் உருவாக்கியதுதான் போர்வைப் பயிற்சி. கைரோஸ் என்ற அமைப்பின் பெயரோடு இன்று அறியப்படுகிறது. நான் உங்களைக் கேட்கும் அரைநாள் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்.

தரையில் போர்வைகளை விரிப்பார்கள். வடக்கே இருந்து தெற்குவரை, ஒன்றோடொன்று சேர்த்து. அதுதான் ஐரோப்பியர் வருவதற்கு முந்திய நிலம். வந்தவர்கள் எல்லோரும் சப்பாத்தைக் கழற்றிவிட்டு அதில் ஏறி நடக்க வேண்டும், ஆளோடு ஆள் பேச வேண்டும், பொருள் மாற்றிக்கொள்ள வேண்டும். ஒருவர் கதைசொல்லி, இன்னொருவர் வந்தேறிகளின் பாத்திரம். கதை நகர நகர வந்தேறி போர்வைகளை மடிக்கிறார். உடன்படிக்கைகள், 1876இன் இந்தியர் சட்டம், பிள்ளைகளைப் பிடித்துப்போன காலம் என்று வரிசையாக வரும். கையில் கொடுத்த அட்டையின் நிறத்தைப் பார்த்து, உனக்கு அம்மை, நீ இறந்துவிட்டாய், இறங்கு என்பார்கள். சிலரை வதிவிடப் பாடசாலைக்கு என்று தனிப் போர்வையில் கொண்டுபோய் நிறுத்துவார்கள். அவர்கள் திரும்பி வரும்போது மற்றவர்கள் முதுகைக் காட்டி நிற்க வேண்டும். கடைசியில் சிறு துண்டுகளாக மடிந்த போர்வைகளில் ஆளுக்கொரு மூலையாகச் சிலபேர் மிஞ்சி நிற்பார்கள். பிறகு எல்லோரும் வட்டமாக உட்கார்ந்து, ஒவ்வொருவராகப் பேசுவார்கள், மற்றவர்கள் குறுக்கிடாமல் கேட்பார்கள். இந்த வட்டம்தான் பயிற்சியின் பாதி. அதை நேரம் இல்லையென்று வெட்டுவதாக இருந்தால் பயிற்சியே வேண்டாம்.

இங்கே நிர்வாகசபை கவனமாக இருக்க வேண்டிய ஒன்று உண்டு. நம் சபையில் இருப்பவர்கள் வெறும் கையோடு வரும் பார்வையாளர்கள் அல்ல. இடம்பெயர்வு, முகாம், காணாமற்போன பிள்ளை, எல்லாம் அந்த அறைக்குள் கூடவே வரும். சீருடைக்காரர் வந்து பிள்ளையைக் கொண்டுபோகும் கட்டத்தில் ஒரு அம்மா எழுந்து வெளியே போகலாம். முன்கூட்டியே அந்த ஆசிரியரிடம் இதைச் சொல்லுங்கள். அவர்கள் இப்படியானதற்குப் பழக்கப்பட்டவர்கள், பெரியவர் ஒருவரைக் கூட வைத்திருப்பார்கள். நம் பக்கத்திலிருந்தும் தமிழ் தெரிந்த மனநல ஆலோசகர் ஒருவர் அறையில் இருக்கட்டும். கலந்துகொள்வதா, சுவர் ஓரமாக இருந்து பார்ப்பதா என்பதை ஒவ்வொருவரும் தாமே முடிவுசெய்யட்டும்.

நமது கதையை அங்கே இறக்கிவைக்கும் ஆசையை மட்டும் கொஞ்சம் அடக்கிக்கொள்வோம். எங்களுக்கும் இதேதான் நடந்தது என்று யாராவது தொடங்குவார்கள், இருபத்தைந்து நிமிடம் பேசுவார்கள், அழைத்துவந்த ஆசிரியர் தலையாட்டிக்கொண்டு இருப்பார். ஒத்த இடங்கள் உண்டு, மறுக்கவில்லை. மொழியை நசுக்கியது, நிலத்தில் ஆட்களைக் குடியேற்றியது, நூலகமோ பாட்டோ எதுவாக இருந்தாலும் நினைவை அழிக்கப் பார்த்தது. பெரிய வித்தியாசமும் ஒன்று உண்டு. நாம் இங்கே வாங்கிய வீடு அவர்கள் நிலத்தில் இருக்கிறது.

எந்த நிலம் என்று கேட்டால் ஸ்காபரோவிலேயே காட்டலாம். லோறன்ஸ் வீதிக்கும் பெல்லமி வீதிக்கும் பக்கத்தில், வீடுகளுக்கு நடுவே டேபர் ஹில் என்ற ஒரு மேடு இருக்கிறது. 1956இல் அங்கே இயந்திரம் மண் அள்ளும்போது எலும்புகள் வந்தன. சுமார் எழுநூறு வருடப் பழமையான கூட்டுப் புதைகுழி, ஐந்நூறு பேர் அளவில். இறந்தவர்களின் எலும்புகளை ஊரே கூடிச் சடங்கோடு ஒன்றாக அடக்கம் செய்த இடம். இப்போது அது பூங்கா, ஒரு கல்லும் அறிவிப்பும் உண்டு. எத்தனையோ தமிழ்க் குடும்பங்கள் அந்த மேட்டைத் தாண்டிக் கடைக்குப் போகின்றன. ரூஜ் ஆற்று முகத்துவாரத்தில் 17ஆம் நூற்றாண்டில் செனெகா மக்களின் ஊர் ஒன்று இருந்தது. நாம் ஒன்றுகூடலுக்குப் போய்க் கொத்துரொட்டி போடும் பக்கம்தான்.

ரொறன்ரோவை மிசிசாகா என்ற பூர்வகுடி மக்களிடமிருந்து வாங்கியதாகச் சொல்லும் 1787ஆம் ஆண்டுப் பத்திரம் உண்மையில் எழுதப்படாத வெற்றுக் கடதாசி, தலைவர்களின் குறிகள் வேறொரு தாளிலிருந்து ஒட்டப்பட்டவை. அதைச் சரிசெய்ய 1805இல் இன்னொரு பத்திரம் போட்டார்கள், விலை பத்து ஷில்லிங். அந்தக் கணக்கைத் தீர்க்க 2010வரை ஆனது, 145 மில்லியன் டொலர். மார்க்கம், பிக்கரிங், ஏஜாக்ஸ் பக்கம் 1923ஆம் ஆண்டின் வில்லியம்ஸ் உடன்படிக்கைகள் வருகின்றன. ஏழு பூர்வகுடிச் சமூகங்கள் வேட்டை, மீன்பிடி உரிமைகளை அதில் இழந்தன. 2018இல்தான் 1.11 பில்லியன் டொலர் இழப்பீடும், உரிமைகளை ஒப்புக்கொள்வதும், அரசின் மன்னிப்பும் வந்தன. உறுதி எழுதும்போது தாய்ப்பத்திரம் வரை தோண்டிப் பார்க்கும் ஊர்க்காரர் நாம். இந்தக் கதை நமக்குச் சுவாரசியமாக இருக்காது என்று யாரும் சொல்ல வேண்டாம்.

நாங்கள் அகதிகளாக வந்தோம், யாருடைய நிலத்தையும் பறிக்கவில்லை என்பது அடிக்கடி கேட்கும் பதில். சரி. 1986இல் நியூஃபவுண்ட்லாந்துக்கு அப்பால் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் மிதந்த 155 பேர் யாருடைய நிலத்தைப் பறித்தார்கள்? குற்றவாளிக் கூண்டில் ஏறச் சொல்லி யாரும் உங்களை அழைக்கவில்லை. பக்கத்தில் இருப்பவரை அறிவதற்குக் குற்ற உணர்ச்சி முன்நிபந்தனை அல்ல.

இன்னொரு பதில், எங்கள் ஆட்கள் வரமாட்டார்கள் என்பது. கட்டாயம் வரமாட்டார்கள், ஆங்கிலத்தில் துண்டுப்பிரசுரம் அடித்து, செவ்வாய்க்கிழமை மாலையில் சூமில் வைத்தால். ஞாயிறு தமிழ் வகுப்பு நடக்கும் நேரத்தில், பிள்ளையை விட்டுவிட்டு வாகனத் தரிப்பிடத்தில் காத்திருக்கும் பெற்றோரை உள்ளே அழையுங்கள். மதியச் சாப்பாடு போடுங்கள். தமிழில் உடனுக்குடன் சொல்லத் தெரிந்த ஒருவரை ஒழுங்கு செய்யுங்கள், அவர் ஆசிரியரோடு முதல்நாளே பேசிக்கொள்ளட்டும். மேடையில் வந்து வாய்க்கு வந்ததைச் சொல்லும் மொழிபெயர்ப்பு இந்த விஷயத்தில் ஆபத்து. ஒபொம்சாவினின் படங்களைத் தேசியத் திரைப்படச் சபையின் தளத்தில் இலவசமாகவே பார்க்க முடிகிறது. தமிழ் உபதலைப்பு வேண்டுமென்று பல அமைப்புகள் சேர்ந்து சபைக்கு ஒரு கடிதம் எழுதுங்கள், செய்து தரவும் முன்வாருங்கள். நம்மில் அதைச் செய்யக்கூடிய இளைஞர்கள் நிறைய, அவர்களுக்கு நாற்காலி தூக்கும் வேலை மட்டும்தான் கொடுக்கிறோம்.

காசு விஷயத்தை வெளிப்படையாகப் பேச வேண்டும். பூர்வகுடி ஆசிரியர்களைச் சேவையாகச் செய்யுங்கள் என்று கேட்கும் பழக்கம் எல்லாச் சமூகங்களிலும் இருக்கிறது. அது அவர்களின் தொழில், பல வருடப் படிப்பும் அனுபவமும். ஒவ்வொரு தடவையும் தங்கள் குடும்பத்தின் காயத்தைத் திறந்து காட்டுகிறார்கள். சென்னையிலிருந்து பாடகரைக் கூப்பிட்டால் விமானம், ஹோட்டல், கூட வருபவருக்கும் டிக்கெட் என்று நாம் பேரம் பேசாமல் கொடுக்கிறோம். அதில் ஒரு சிறு பங்கைக்கூட இது கேட்காது. கட்டணத்தை அவரே சொல்லட்டும், பயணச் செலவு வேறாக, அன்றைக்கே கையில். அனிஷினாபே மரபில் ஒரு பெரியவரிடம் ஏதாவது கேட்கும்போது முதலில் புகையிலை கொடுத்துக் கேட்பார்கள். நமது வெற்றிலை பாக்கு வைத்து அழைப்பதுபோல. உங்கள் ஆசிரியருக்கு அது பொருந்துமா என்று அவரிடமே கேளுங்கள், ஊருக்கு ஊர் முறை வேறு. பொன்னாடையும் நினைவுக் கேடயமும் போதும் என்று தயவுசெய்து நினைக்க வேண்டாம்.

உங்களிடம் இதை உரிமையோடு கேட்க எனக்குத் தைரியம் தருவது 2022ஆம் ஆண்டு. அந்த வருடம் மே 18 அன்று கனடிய நாடாளுமன்றத்தின் கீழ்ச்சபை, அந்த நாளைத் தமிழினப் படுகொலை நினைவு நாளாக ஏகமனதாக ஏற்றது. அதே சபை, அதே வருடம் ஒக்டோபர் 27 அன்று, வதிவிடப் பாடசாலைகளில் நடந்தது இனப்படுகொலை என்று ஏகமனதாகச் சொன்னது. முதல் தீர்மானத்தை நாம் கொண்டாடினோம், மடல் எழுதினோம், நன்றி சொன்னோம். இரண்டாவதைப் பற்றி நம் அமைப்புகளின் முகநூல் பக்கங்களில் நான் தேடினேன், கண்ணில் பட்டது மிகக் குறைவு. அதற்கு முந்திய வருடம் ஒன்ராறியோவில் 104ஆவது சட்டமூலம் நிறைவேறி, மே மாதத்தில் ஒரு வாரம் தமிழினப் படுகொலை அறிவூட்டல் வாரமானது. இந்த மாகாணத்தில் உள்ள எல்லோரும் நமது வரலாற்றைப் படிக்க வேண்டும் என்று கேட்டு வாங்கியவர்கள் நாம். எவ்வளவு உழைத்து வாங்கினோம் என்பது உங்களுக்குத்தான் நன்றாகத் தெரியும், கையெழுத்துச் சேகரித்தவர்கள் நீங்கள். ஆகவே இன்னொரு மக்கள் தங்கள் வரலாற்றைச் சொல்ல வரும்போது முதல்வரிசையில் நாம் இல்லாவிட்டால் அந்தக் கோரிக்கைக்கு என்ன மதிப்பு?

ஒருதடவை நடத்திப் படம் எடுத்து ஆண்டறிக்கையில் போடுவதற்காக இதைச் செய்வதானால் வேண்டாம். முதல் வருடம் நிர்வாகசபைக்கும் ஆசிரியர்களுக்கும். அடுத்த வருடம் பெற்றோருக்கும் முதியோர் சங்கத்துக்கும். அதே ஆசிரியரைத் திரும்ப அழையுங்கள், அப்போதுதான் பெயர் சொல்லிப் பேசும் உறவு வரும். அவர்கள் தண்ணீருக்காகவோ நிலத்துக்காகவோ ஒரு ஊர்வலம் போகும்போது, மிசிசாகாச் சமூகத்தின் ஒன்றுகூடலுக்குப் பொதுமக்களை அழைக்கும்போது, நமது பதாகை இல்லாமல் சும்மா போய் நிற்கலாம். பதாகை இல்லாமல் போவது நமக்குக் கஷ்டம்தான்.

கடைசியாக நாள் விஷயம். செப்டம்பர் 30, உண்மைக்கும் நல்லிணக்கத்துக்குமான தேசிய நாள். ஜூன் 21, தேசியப் பூர்வகுடி மக்கள் நாள். இந்த இரண்டு வாரங்களிலும் எல்லா வங்கிகளும் பள்ளிகளும் அலுவலகங்களும் இதே ஆசிரியர்களைத்தான் அழைக்கும். நமக்குக் கிடைக்கமாட்டார்கள், கிடைத்தாலும் களைத்துப் போயிருப்பார்கள். ஜனவரி மரபுத் திங்கள் நிகழ்ச்சிகள் முடிந்து மண்டப வாடகையும் குறைந்திருக்கும் பெப்ரவரி பிற்பகுதியோ, நவம்பர் தொடக்கமோ நல்லது. மாவீரர் வாரத்தோடு மோதாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அடுத்த நிர்வாகசபைக் கூட்டத்தின் நிகழ்ச்சிநிரலில் இதை ஒரு விடயமாகச் சேர்த்து, ஒருவரைப் பொறுப்பாக்கி, ஒரு தொகையை ஒதுக்கித் தீர்மானம் எடுங்கள். ஒருங்கிணைக்க ஆள் இல்லையென்றால் நான் வருகிறேன், கதிரை அடுக்கவும் சேர்த்து.

அன்புடன்,
ஸ்காபரோவிலிருந்து
ஒரு தமிழ்ப் பள்ளிப் பெற்றோர்